கனக்குது என்று சொல்லாதவர்கள்

சுவாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகும்போது 'கனக்குது' என்று சொல்லக்கூடாது. 'வலிக்குது' என்றும் சொல்லக்கூடாது. எங்கள் ஊர்க் கோயிலில் வாகனம் தூக்குகிறவர்களுக்கு இருக்கிற ஒரே கண்டிப்பான சட்டம் இதுதான். வெற்றிலை மென்றுகொண்டு வந்து நின்றால்கூடக் குருக்கள் முகத்தைச் சுளிப்பதோடு விட்டுவிடுவார். தண்டுக்குக் கீழே நின்றுகொண்டு 'கனம்' என்று வாயைத் திறந்தவன் அடுத்த வருஷம் கோயில் பக்கம் வரமாட்டான். யாரும் அவனை வரவேண்டாம் என்று சொல்வதில்லை, அவனுக்கே வரத் தோன்றாது.

ஊர் என்று நான் சொல்வது திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற சாலையில், தாமிரபரணியை ஒட்டி இருக்கிற ஒரு சின்ன ஊர். அங்கே எனக்கு பெயின்ட், இரும்புச் சாமான் கடை. வருஷம் முழுக்க ஊருக்கு நான் கடைக்காரன். பங்குனித் திருவிழாவில் மட்டும் ரிஷப வாகனத்தின் இடது தண்டுக்கு முன் ஆள். என் அப்பா நின்ற இடம் அது. அந்த இடத்தில் நிற்பதை நினைத்து எனக்கு உள்ளூரக் கர்வம் உண்டு, அதை மறைக்கவும் நான் பெரிதாக மெனக்கெட்டதில்லை.

வாகனத்துக்கு இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு தண்டுகள். ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் ஒரே உயரமாக இருக்கவேண்டும். உயரம் கூடினவன் தோளில்தான் தண்டு உட்காரும். குறைந்தவன் கையை ஆட்டிக்கொண்டு சும்மா கூட நடந்து வருவான். அதனால் கொடியேற்றத்துக்கு முன்பே எல்லோரையும் மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, தோளுக்குத் தோள் ஒரு மூங்கிலை வைத்துப் பார்த்துச் சோடி சேர்ப்பார்கள். தோளுக்கும் தண்டுக்கும் இடையில் வைக்க ஒரு சும்மாடு. துணி உறைக்குள் பழைய வேட்டியை மடித்து வைத்தது, அவரவர் வீட்டில் தைத்துக்கொள்வது.

எனக்குச் சோடி, எனக்குப் பின்னால் நிற்கிறவர். வாழை விவசாயம். என் வயதுதான், என் உயரம்தான், மூங்கில் எங்கள் இரண்டு பேர் தோளிலும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். இருபது வருஷத்துக்கு மேலாக ஒன்றாகத் தூக்குகிறோம். ஆனால் அவர் தூக்கி நான் பார்த்ததே இல்லை. முன் ஆள் திரும்பிப் பார்க்கமுடியாது. அவருடைய மூச்சுச் சத்தம் கேட்கும், காலடி கேட்கும், தெரு முனையில் திரும்பும்போது "பைய, பைய" என்று சொல்வது கேட்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சோடிக்காரர்.

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் கடையில் குனிந்து பெயின்ட் வாளியைத் தூக்கி, இடது பக்கம் திரும்பி அலமாரியில் வைத்தேன். பிட்டத்துக்கு மேலே, வலது பக்கம், முதுகில் சின்னக் குழி விழுமே, அந்த இடத்தில் யாரோ ஆணியை வைத்து அடித்த மாதிரி இருந்தது. அப்படியே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாங்க வந்தவர் நான் நிறம் யோசிக்கிறேன் என்று நினைத்து, வெள்ளையே போதும் அண்ணாச்சி என்றார்.

வாயு என்றார்கள். உளுக்கு என்றார்கள். எண்ணெய் தடவி வழித்துவிட்டார்கள், வலி எண்ணெயோடு சேர்ந்து இன்னும் நன்றாக ஊறியது. பைக்கில் காலைத் தூக்கிப் போடமுடியவில்லை. படுக்கையில் புரண்டு படுப்பதற்குள் விடிந்துவிடும்போல் இருந்தது. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், பக்கத்து இலைக்காரர் தோளைப் பிடித்து எழுந்தேன். பாயசம் பிரமாதம், எழுந்திருக்க மனசு வரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். என் மனைவி மட்டும் நம்பவில்லை. பாயசத்தை நான் தொடவே இல்லை என்பதை அவள் பார்த்திருந்தாள்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது டிஸ்க் இல்லை, எஸ்.ஐ. ஜாயின்ட் என்றார். இடுப்பெலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேருகிற மூட்டு. மேல் உடம்பின் பாரம் முழுவதும் அது வழியாகத்தான் காலுக்கு இறங்குமாம். ஐம்பது வருஷமாக என் உடம்பில் அப்படி ஒரு மூட்டு இருப்பது எனக்குத் தெரியாது. மாத்திரை கொஞ்ச நாள்தான், மிச்சம் எல்லாம் பயிற்சிதான் என்று பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு எழுதிக் கொடுத்தார். நான் கேட்டது ஒரே கேள்வி, பங்குனிக்குள் சரியாகுமா என்று. என் மனைவி டாக்டர் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

சரியாகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முன் ஆள் மாறினால் எங்கள் சோடிக்காரர் உயரத்துக்கு ஊரில் வேறு ஆள் இல்லை. இளவட்டங்களில் உயரமானவர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறார்கள். குட்டையாக ஒருவன் முன்னால் வந்து நின்றால், அந்த மூலையின் பாரம் மொத்தமும் பின்னால் நிற்கிறவர் தோளில் இறங்கும். அவர் அதை வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார். என் கர்வம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் அந்த நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே இருந்தது களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வயது முப்பது இருக்கும். மின்னுகிற இயந்திரங்களையும் கம்பிகளையும் எதிர்பார்த்துப் போன எனக்கு அவள் காட்டியது ஒரு பாய், ஒரு தலையணை. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, நடுவில் தலையணையை வைத்துப் பைய அழுத்தவேண்டும், மூச்சை அடக்கக்கூடாது. பிறகு ஒரு முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து விடவேண்டும். பிறகு இடுப்பை மட்டும் பாயிலிருந்து கொஞ்சம் தூக்கி இறக்கவேண்டும். அவ்வளவுதான். இதற்கா பாளையங்கோட்டை வரை வந்தேன் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. தண்டால் எடுத்த உடம்பு இது என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் அண்ணாச்சி இங்கன வந்திருக்கீங்க என்றாள் அவள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கேள்வி கேட்பாள். "வலிக்குதா அண்ணாச்சி?"

நான் ஒவ்வொன்றுக்கும் "இல்லம்மா" என்பேன்.

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. என் வாய் அப்படிப் பழகியிருந்தது. பாரம் உடம்பில் இறங்கியவுடன் 'இல்லை' என்று தானாக வந்துவிடும். வலி இல்லை என்று நான் சொன்னதை நம்பி அவளும் முழங்காலை இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னாள், இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னாள். நானும் வாகனம் தூக்குகிற வேகத்தில் செய்தேன். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. மனைவி தோள் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தாள். வைத்துவிட்டுப் போனில் யாரையோ கூப்பிட்டாள். பிசியோவைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அரைமணி நேரத்தில் வாசலில் வந்து நின்றது சோடிக்காரர்.

அடுத்த முறை அவருடைய வண்டியில்தான் போனோம். வாழைத்தார் ஏற்றுகிற சின்ன வண்டி. முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகிற வழி முழுக்க வாழைக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினாரே தவிர என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உள்ளே வந்தவர் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். பிசியோ பெண் முதலிலிருந்து விசாரித்தாள். எப்போது ஆரம்பித்தது? ஐப்பசியில் என்றேன். அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லையா? இல்லை என்றேன்.

சுவர் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

"இல்லம்மா. மூணு வருஷமா இருக்கு. வலது காலை ஊனும்போது இடுப்பு ஒரு பக்கமா இறங்குது. தெரு திரும்பையில நல்லாத் தெரியும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நீங்க எப்படிக் கவனிச்சீங்க என்று கேட்டாள்.

"பின்னால நிக்கவனுக்கு வேற என்னம்மா தெரியும்? இவரு இடுப்பைப் பாத்துக்கிட்டேதான நடக்கேன்."

என் உடம்புக்கே தெரியாதது, தெரிந்தும் நான் ஒப்புக்கொள்ளாதது, பின்னால் நின்றவருக்கு மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது. அவள் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, வலது காலில் மட்டும் நிற்கவைத்துப் பார்த்தாள். இடது இடுப்பு சொன்ன மாதிரியே இறங்கியது. பிறகு தரை துடைக்கிற மாப்புக் கம்பைக் கொடுத்து, எப்படித் தூக்குவீர்கள் என்று செய்து காட்டச் சொன்னாள். நான் முன்னால், அவர் பின்னால். மாப்பைச் சுமந்துகொண்டு அந்த அறையைச் சுற்றி வந்தோம். காத்திருந்த பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு நான் எந்தப் பயிற்சியும் சொல்லித் தரமுடியும், ஆனால் வலிக்கிற இடத்தில் வலிக்குது என்று நீங்கள் சொல்லாவிட்டால் எல்லாம் வீண் என்றாள். பூட்டில் சாவி எங்கே இடிக்கிறது என்று கைக்குத் தெரிந்தால்தானே திறக்கமுடியும் என்று என் கடைச் சாமானை வைத்தே சொன்னாள். சோடிக்காரரைப் பார்த்து, அண்ணாச்சி நீங்க கூடவே வந்துருங்க, இவங்க சொல்லலைன்னா நீங்க சொல்லுங்க என்றாள். அந்தப் பெண்ணை எனக்கு அன்றைக்கே ரொம்பப் பிடித்துப்போனது. வியாதியைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்த ஆள் எந்த ஊர், என்ன வேலை, வாயில் எந்தச் சொல் வராது என்றெல்லாம் பார்த்து வைத்தியம் செய்கிறவர்கள் குறைவு.

அப்படித்தான் எங்கள் வீட்டு மாடியில் காலைப் பயிற்சி ஆரம்பித்தது. இரண்டு பாய். நான் ஒன்றில், அவர் ஒன்றில். நீர் எதற்கு வே படுக்கிறீர் என்று கேட்டேன். சும்மா நின்னு பாத்தா கொசு கடிக்கி என்றார். தலையணையை அழுத்துவது, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவருவது, இடுப்பைத் தூக்குவது. ஒருக்களித்துப் படுத்து, பாதம் இரண்டும் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் கதவு திறக்கிற மாதிரி திறந்து மூடுவது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை. அந்தக் கதவைத் திறக்க எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எவ்வளவு பெரிய வாகனத்தைத் தூக்கியிருக்கிறேன், என் காலை என்னால் ஒரு சாண் தூக்கமுடியவில்லை.

"வலிக்கி," என்றேன் முதல்முறையாக.

"அப்ப இறக்கும். பைய," என்றார் அவர். அதே குரல். தெரு முனையில் பின்னாலிருந்து கேட்கிற குரல்.

அதற்குப் பிறகு சொல்வது எளிதாகிவிட்டது. கொஞ்சம் எளிதாகவே ஆகிவிட்டது என்று மனைவி சொல்லுவாள். காபி ஆறிப்போனால்கூட வலிக்கி என்று சொல்லுதீங்க என்று மாடிப்படியில் நின்று கிண்டல் செய்வாள். எந்த அளவு இழுவை நல்லது, எந்த வலி 'நிறுத்து' என்கிறது என்று எனக்கு மெல்லப் பிரித்துத் தெரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டையும் பல்லைக் கடித்துத் தாண்டிவிடுவேன். படுக்கையில் புரளும்போது முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்துப் புரளக் கற்றுக்கொண்டேன். வாளியைத் தூக்கிவிட்டு இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்பக் கற்றுக்கொண்டேன். சம்மணம் போடுவதை நிறுத்தி, கடையில் உயரமான நாற்காலி போட்டேன். அண்ணாச்சிக்குப் பவுசு வந்துட்டு என்றார்கள்.

தை பிறந்து ஆற்றில் வேகம் குறைந்து தண்ணீர் தெளிந்ததும், இடுப்பளவு தண்ணீரில் நடக்கலாம் என்றாள் பிசியோ பெண். படித்துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி, காலுக்கடியில் மணலாக இருக்கும் இடத்தில் நடந்தோம். நான் முன்னால், அவர் பின்னால், வழக்கம் போல. தண்ணீர் பாதி உடம்பை வாங்கிக்கொள்ளும்போது அந்த மூட்டில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதை எப்படிச் சொல்ல. துவைக்க வந்த பெண்கள், அண்ணாச்சிமாரு எதைத் தேடுதாவ என்று கேட்டுச் சிரித்தார்கள். மோதிரம் விழுந்துட்டு என்றார் சோடிக்காரர். மறுநாளிலிருந்து அவர்களும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாவத்துக்கு அவர்தான் பொறுப்பு.

ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பயிற்சி முடிந்து, மல்லாக்கப் படுத்து இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி உடம்பை நீளமாக இழுக்கவேண்டும். என் கை பாயைத் தொடும். அவருடைய இடது கை தொடும், வலது கை பாதியிலேயே நின்றுவிடும். மரத்தில் சட்டையைத் தொங்கவிட்ட மாதிரி அந்தரத்தில் நிற்கும். வாழைக்கு மருந்தடிக்கிற கை வே, அது அப்படித்தான் என்பார். நான் சிரிப்பேன். ஏதோ ஒன்றிலாவது அவரை ஜெயித்தேன் என்று இருந்தது.

மாசி கடைசியில் பிசியோ பெண் என்னை மறுபடி ஒற்றைக் காலில் நிற்கவைத்தாள். இடுப்பு இறங்கவில்லை. தூக்கலாம், ஆனால் கோயில் வாசலிலிருந்து முதல் தெரு முனை வரைதான், அதற்குப் பிறகு வேறு ஆளிடம் கொடுத்துவிடவேண்டும் என்றாள். அதையும் என்னிடம் சொல்லாமல் சோடிக்காரரிடம் சொன்னாள். சந்தோஷத்தில் நான் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறோம், பெயின்ட் விலையில குறைச்சுக் குடுங்க அண்ணாச்சி என்றாள். களக்காட்டுக்காரிக்கு வியாபாரமும் தெரிந்திருந்தது.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம், வாழைப்பழம் வாங்கிப் போகலாம் என்று சோடிக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி முற்றத்தில் கொடிக்கயிற்றில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். திருவிழாவுக்கு முன்னால் எல்லோர் வீட்டிலும் சும்மாட்டைப் பிரித்துத் துவைப்போம். அவருடைய உறை தொங்கியது, மடிக்கிற பழைய வேட்டி தொங்கியது. பக்கத்தில் கனமான துண்டு ஒன்றும் தொங்கியது, ஓரம் தைத்து, சும்மாட்டின் அளவுக்கு நாலாக மடித்த தடம் விழுந்து. அது என்ன துண்டு என்று சும்மா கேட்டேன்.

"அதுவும் சும்மாட்டுக்குத்தான். மூணு வருஷமா உள்ள ஒரு துண்டு கூட வச்சித் தரச் சொல்லுதாவ. தோளு ஒசரம் பத்தலையாம்," என்றாள். வயசானா ஆளு குறுகிப் போவாவளா அண்ணாச்சி என்றும் கேட்டாள்.

நான் பழம் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். உயரம் பத்தவில்லையாம். வருஷா வருஷம் மூங்கில் வைத்துப் பார்த்துச் சேர்த்த சோடி. அவருடைய தோள் ஒரு துண்டின் கனத்துக்கு என் தோளைவிட ஏறினால் தண்டு எங்கே உட்காரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? மூன்று வருஷமாக நான் இடது தண்டின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன், பாரம் பின்னால் நடந்திருக்கிறது. கடைக்குப் போகாமல் ஆற்றுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் அழுதேன். அந்தரத்தில் நிற்கிற அந்த வலது கைதான் கண்ணில் நின்றது. அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன்.

நன்றி சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொன்னால் அவர் எழுந்து போய்விடுவார், எனக்குத் தெரியும். அதனால் பாளையங்கோட்டைக்கு அடுத்த முறை போனபோது வேறு ஒன்று சொன்னேன்.

"ஏம்மா, இவருக்குத் தோள்ல வலி இருக்கு. கேட்டா இல்லம்பாரு. நம்பாத."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது. அவள் எழுந்து வந்து, கையைத் தூக்குங்க அண்ணாச்சி என்றாள். கை பாதியில் நின்றது. வலிக்குதா என்றாள். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் ரிஷப வாகனமே லேசு. சுவரில் விரல்களை வைத்து எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்றி இறக்கச் சொல்லிக்கொடுத்தாள். வண்டியில் திரும்பி வரும்போது அவர் வாழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எங்கள் மாடிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் விரலை ஊரவிட ஆரம்பித்தார்.

ரிஷப வாகனத்தன்று சாயங்காலம். அதற்கு முன் தினம் நான் என் மனைவியிடம், சும்மாட்டுக்குள் ஒரு துண்டு கூட வைத்துக்கொடு என்றேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வழக்கமாக எதையாவது கிண்டல் செய்கிறவள், அன்றைக்குப் பேசாமல் உள்ளே போய் வீட்டிலேயே கனமான துண்டாகப் பார்த்து எடுத்துவந்து மடித்துவைத்தாள். எனக்கு இடுப்பில் பூரணமாக நம்பிக்கை இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒரு தெரு மட்டும்தானே, இந்த ஒரு தெருவாவது அவர் தோள் ஓய்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

சுவாமி ஏறினார். எல்லோரும் தோள் கொடுத்தோம். வாத்தியம் முழங்க, வாசலைத் தாண்டிப் பத்தடி போயிருப்போம், குருக்கள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். தண்டுக்கு முட்டுக் கொடுக்கிற கவைக்கால்களை ஊன்றினோம். அவர் சற்றுத் தள்ளி நின்று வாகனத்தைப் பார்த்தார்.

"இடது பக்கம் முன்னால என்ன இவ்வளவு தூக்கலா இருக்கு? ரெண்டு மூணு வருஷமாவே லேசாத் தெரிஞ்சுது. இன்னிக்கு சுவாமி வலது பக்கமாவே சாஞ்சுட்டார்," என்றார்.

நான் திரும்பினேன். தண்டுக்குக் கீழே நின்று நான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். சோடிக்காரர் என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய தோளைப் பார்த்தேன். இரண்டு சும்மாடும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் பெருத்துக் கிடந்தன.

"என்ன வே இது," என்றார்.

"உம்மதை முதல்ல காட்டும்," என்றேன்.

அவர் கையை நீட்டி என் சும்மாட்டை எடுத்து, உறைக்குள் விரலை விட்டு அந்தத் துண்டை உருவினார். நான் அவருடையதை எடுத்து அவர் துண்டை உருவினேன். அவரவர் சும்மாட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டோம். அவர் கண் கலங்கியிருந்தது, என் கண்ணைப் பற்றி அவரைத்தான் கேட்கவேண்டும். உருவிய துண்டுகளை இடுப்பில் கட்டிக்கொண்டோம். குருக்கள் மறுபடி பார்த்துவிட்டு, இப்பச் சரி என்றார்.

மறுபடி தோள் கொடுத்தோம். பின்னாலிருந்து, "பைய," என்று கேட்டது. என் பங்குப் பாரம் மூன்று வருஷம் கழித்து என் தோளில் இறங்கியது. தோளிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து அந்த மூட்டுக்கு, அங்கிருந்து காலுக்கு. மூட்டு தாங்கியது. முதல் தெரு முனை வரை, நல்ல கனம். அங்கே நான் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.